வயதானவர்களுக்குப் போன் வழி சுகர் உதவி: எது தேறும், எது தேறாது

"சுகர் எவ்வளவு இருக்கு?"
"நூத்தி எழுபத்திரெண்டு."
"சரிங்க, மாத்திரையை விடாம சாப்பிடுங்க. தினமும் நடங்க."

அழைப்பு முடிந்தது. நாள்பட்ட சர்க்கரை நோயுள்ள முதியவர்களுக்கென்று நடத்தப்படும் தொலைபேசி உதவிச் சேவைகளில் பல, இந்த அளவோடு நின்றுவிடுகின்றன. 172 படிவத்தின் ஒரு கட்டத்தில் பதிவாகிவிட்டது. அது எப்போது எடுத்த எண் என்று யாரும் கேட்கவில்லை. சாப்பிடும் முன்பு எடுத்தது என்றால் கொஞ்சம் கவனிக்க வேண்டும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து எடுத்தது என்றால், இன்சுலின் போடும் எண்பது வயதுக்காரருக்கு அதைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. இந்த ஒரு கேள்வியைக்கூடக் கேட்காத சேவைக்கு நாங்கள் மதிப்பெண்ணே போடுவதில்லை.

போனில் பேசுபவருக்கு எதிர்முனையில் இருப்பவரின் கை தெரியாது, கால் தெரியாது, மாத்திரை டப்பா தெரியாது. அந்தக் குறையை எப்படி ஈடுகட்டுகிறார்கள் என்பதுதான் இங்கே அளவுகோல்.

பதிவு செய்த குரலில் வரும் தானியங்கி அழைப்பை முதலிலேயே தள்ளிவிடலாம். "ஊசி போட்டுவிட்டீர்களா? ஆம் என்றால் ஒன்றை அழுத்தவும்." ஸ்மார்ட்போனைக் காதில் வைத்தால் திரை அணைந்துவிடும். காதிலிருந்து எடுத்து, எண்பலகையைத் தேடித் திறந்து, கண்ணாடி போட்டு ஒன்றைக் கண்டுபிடிப்பதற்குள் அடுத்த கேள்வி ஓடிவிடும். ஊசியை ஒழுங்காகப் போட்டவர் கணக்கில் 'பதில் இல்லை' என்று விழுவார். கண் பரிசோதனைக்கு நாளை போக வேண்டும் என்று நினைவூட்ட இந்த ரகம் போதும். அதற்கு மேல் இதை நம்ப வேண்டாம்.

மிச்சம் இருப்பவை இரண்டு. பயிற்சி பெற்ற அழைப்பாளர் எழுதி வைத்த கேள்வித்தாளை வைத்துப் பேசுவது ஒன்று. நீரிழிவு செவிலியரே பேசுவது இன்னொன்று. இரண்டாவதுதான் உயர்ந்தது என்று யாருக்கும் தோன்றும். ஆனால் இங்கிலாந்தின் சால்ஃபோர்டில் நடந்து 2005இல் வெளியான ஆய்வு வேறு மாதிரி யோசிக்க வைக்கிறது. 591 பேர் பங்கேற்ற அந்த ஆய்வில் பேசியவர்கள் பயிற்சி கொடுக்கப்பட்ட சாதாரண அழைப்பாளர்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு நீரிழிவு செவிலியர் இருந்தார். மூன்று மாத சுகர் சராசரி எனப்படும் எச்பிஏ1சி 7 சதவீதத்துக்குள் இருந்தவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு அழைப்பு, 9 வரை இருந்தவர்களுக்கு ஏழு வாரத்துக்கு ஒன்று, அதற்கு மேல் இருந்தவர்களுக்கு மாதம் ஒன்று. ஓராண்டு முடிவில், வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களைவிடச் சராசரியாக 0.31 புள்ளி முன்னேற்றம். 7க்கு மேல் தொடங்கியவர்களை மட்டும் எடுத்தால் 0.49. 7க்குள் இருந்தவர்களிடம் மாற்றமே இல்லை.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது: பேசுபவரின் பட்டத்தைவிட, அவர் சிக்கிக்கொண்டால் உடனே யாரிடம் கேட்க முடியும் என்பது முக்கியம். இன்னொன்று, கட்டுக்குள் இருப்பவரை வாராவாரம் கூப்பிடுவது அக்கறை அல்ல, எண்ணிக்கை காட்டும் வேலை. மருந்து மாற்றிய முதல் சில வாரங்களிலும் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகும் வாரம் ஒன்று, நிலைமை தணிந்ததும் இடைவெளியைக் கூட்டுவது என்று போகும் சேவையே விவரம் தெரிந்தது.

சரி, நல்ல அழைப்பு எப்படி இருக்கும்? 172க்கே வருவோம். விவரமான அழைப்பாளர் எண்ணைக் கேட்டதும் வாழ்த்தவும் மாட்டார், கண்டிக்கவும் மாட்டார். மீட்டரைக் கையில் எடுத்துக்கொண்டு வரச் சொல்வார். நினைவிலிருந்து சொல்லும் எண்ணைவிட மீட்டரின் மெமரியில் இருப்பது நம்பகமானது. தேதியும் நேரமும் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார். பேட்டரி மாற்றியபின் சில மீட்டர்களில் கடிகாரம் தவறிப்போய், காலை எண்கள் எல்லாம் இரவு எண்களாகத் தெரியும். பிறகு எண்ணை இலக்கம் இலக்கமாகச் சொல்லச் சொல்வார்: ஒன்று, ஏழு, இரண்டு. காது மந்தமானவருக்கும் சரி, அவர் சொல்வதைக் கேட்பவருக்கும் சரி, போனில் இருபதும் அறுபதும், எழுபதும் எண்பதும் எளிதில் மாறிவிடும். லோ சுகரில் இந்த மாற்றம் விளையாட்டல்ல.

"7.2" என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திக் கேட்க வேண்டும். அது ஆய்வகத் தாளில் வந்த எச்பிஏ1சியா, அல்லது மில்லிமோல் கணக்கில் காட்டும் மீட்டரா? மில்லிமோல் என்றால் 18ஆல் பெருக்க வேண்டும், 7.2 என்பது சுமார் 130. இந்தக் கட்டுரையில் மற்ற மீட்டர் எண்கள் எல்லாம் மி.கி. கணக்கு.

எண் வழக்கத்துக்கு மாறாக இருந்தால் மருந்தைக் குறை சொல்லும் முன் விரலை விசாரிக்க வேண்டும். பழம் உரித்த கையைக் கழுவாமல் குத்தினால் மீட்டர் பழத்தின் சர்க்கரையையும் சேர்த்துக் காட்டும். ஸ்ட்ரிப் புட்டியின் மூடி சரியாக மூடாமல் இருந்தால் ஈரம் ஏறிக் கணக்கு கெடும். காலாவதித் தேதியைப் படிக்கச் சொன்னால் போதும், பாதிக் குழப்பம் தீரும். இதெல்லாம் சரியாக இருந்தாலும், அங்கீகரிக்கப்பட்ட மீட்டருக்கே 100க்கு மேல் 15 சதவீதம் முன்பின் போக அனுமதி உண்டு. 172க்கும் 160க்கும் நடுவே பெரிய அர்த்தம் தேடும் அழைப்பாளர் முதியவரை வீணாகப் பயமுறுத்துகிறார்.

மருந்து விசாரணையில்தான் பெரும்பாலான சேவைகள் வழுக்குகின்றன. "மாத்திரை எல்லாம் சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால் வரும் பதில் எப்போதும் "ஆமாம்"தான். கேட்க வேண்டியது வேறு: "அம்மா, மாத்திரை அட்டை எல்லாத்தையும் எடுத்துட்டு வந்து மேசையில வையுங்க. ஒவ்வொண்ணா பின்பக்கம் எழுதியிருக்கிறதைப் படிங்க. எழுத்து சின்னதா இருந்தா எழுத்து எழுத்தா சொல்லுங்க, அவசரமில்லை." பத்து நிமிடம் பிடிக்கும். ஆனால் இரண்டு மருத்துவர்கள் எழுதிய இரண்டு கலவை மாத்திரைகளிலும் மெட்ஃபார்மின் இருப்பது இப்படித்தான் வெளியே வரும். கிளிமெபிரைடும் கிளிபிசைடும் காதில் ஒன்றுபோல விழுவதால் பெயரை எழுத்துக் கூட்டாமல் பதிவு செய்யக் கூடாது. சிறுநீரக வடிதிறன் (ஆய்வகத் தாளில் eGFR என்று வரும் எண்) 45க்குக் கீழ் போனால் மெட்ஃபார்மின் அளவை மருத்துவர் மறுபரிசீலனை செய்ய வேண்டும், 30க்குக் கீழ் போனால் நிறுத்த வேண்டும். ஆகவே கடைசியாக ரத்தப் பரிசோதனை எப்போது எடுத்தார்கள் என்பது மருந்துக் கேள்வியோடு சேர்ந்த கேள்வி. மெட்ஃபார்மின் பல ஆண்டுகளாகச் சாப்பிடுபவர் கால் மரத்துப்போகிறது என்றால், சுகர் நரம்புக்கோளாறு என்று எழுதி முடிக்காமல், வைட்டமின் பி12 குறைந்திருக்கிறதா என்று பார்த்தார்களா என்றும் கேட்க வேண்டும்.

அட்டையில் மிச்சமிருக்கும் மாத்திரைகளை எண்ணச் சொல்வதும் நல்ல வழி. குற்றம் கண்டுபிடிக்கும் தொனி மட்டும் வரக் கூடாது. வந்துவிட்டால் அடுத்த முறை சரியான எண் வராது, சரியாகத் தோன்றும் எண் வரும்.

இன்சுலின் போடுபவர் என்றால், நல்ல சேவை போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைக்கச் சொல்லும். பேனாவில் புது ஊசியை மாட்டி, 2 யூனிட் திருப்பி, ஊசி முனையை மேலே நீட்டி அழுத்த வேண்டும். முனையில் துளி தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் மறுபடியும். இந்தப் படியை விட்டுவிட்டவர்களுக்கு ஊசி அடைத்திருந்தாலும், உள்ளே காற்று நின்றிருந்தாலும் தெரியாது. அளவு குறைவாகப் போகும், சுகர் காரணமில்லாமல் ஏறியதுபோல இருக்கும். அடுத்து, போட வேண்டிய அளவைத் திருப்பச் சொன்னால் ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு 'க்ளிக்' ஸ்பீக்கர் வழியாகவே கேட்கும். பதினான்கு என்று சொன்னவர் பன்னிரண்டில் நிறுத்தினால் அழைப்பாளருக்குத் தெரிந்துவிடும். இது சரிபார்க்க மட்டும். அளவு வைப்பதை க்ளிக்கை நம்பிச் செய்யக் கூடாது, எண் சாளரத்தைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். அது தெரியாத அளவுக்குக் கண் மங்கியிருந்தால் ஊசிக்கு வேறு ஏற்பாடு தேவை, அதை மருத்துவரிடம் சொல்வதும் சேவையின் வேலை. அழுத்தியபின் பத்து எண்ணும்வரை ஊசியை வெளியே எடுக்கக் கூடாது. அழைப்பாளர் போனில் கூடவே எண்ணலாம்.

புட்டியும் சிரிஞ்சும் பயன்படுத்துபவர்களிடம் ஒரே கேள்வி உயிர்க் கேள்வி: புட்டியில் 40 என்று இருக்கிறதா, 100 என்று இருக்கிறதா (ஒரு மி.லி.யில் எத்தனை யூனிட் என்பது), சிரிஞ்சில் என்ன இருக்கிறது? 100 புட்டியை 40 சிரிஞ்சில் ஏற்றினால் இரண்டரை மடங்கு இன்சுலின் உள்ளே போகும். இயல்பாகவே கலங்கலாக இருக்கும் வகை இன்சுலினைக் குலுக்காமல் உள்ளங்கைகளுக்கு நடுவே மெதுவாக உருட்ட வேண்டும். உறைந்துபோனதை இளக்கிப் போடக் கூடாது. குளிர்பெட்டியில் உறைபகுதியை ஒட்டி வைப்பதுதான் இதற்கு வழக்கமான காரணம். பிறகு ஊசி போடும் இடத்தைக் கையால் தடவிப் பார்க்கச் சொல்ல வேண்டும். கட்டியாக, ரப்பர்போல இருந்தால் அங்கே போட்ட இன்சுலின் தாறுமாறாகத்தான் ஏறும். வலிக்காத இடம் என்று அங்கேயே போடுவார்கள். நல்ல இடத்துக்கு மாறச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: அதே அளவு இப்போது கூடுதலாக வேலை செய்யலாம், அளவைக் குறைக்க வேண்டுமா என்று முதலில் மருத்துவரிடம் கேட்க வேண்டும், சில நாள் அடிக்கடி பார்க்க வேண்டும். இடத்தை மாற்றச் சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் விடும் அழைப்பாளர், லோ சுகரை அவரே வரவழைக்கிறார்.

லோ சுகர் வரும்போதுதான் ஒரு சேவை எவ்வளவு தேறும் என்று தெரியும். 70க்குக் கீழ் என்றால் லோ, 54க்குக் கீழ் என்றால் ஆபத்து. புத்தகத்தில் சொல்லும் நடுக்கமும் படபடப்பும் வயதானவர்களிடம் வராமலே போகலாம். ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் பீட்டா தடுப்பு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அவை மறைந்துவிடும், வியர்வை மட்டும் மிஞ்சும். அவர்களிடம் தெரிவது தள்ளாட்டம், குழப்பம், எரிச்சல், தூக்கக் கலக்கம். இங்கேதான் போனுக்கு ஒரு வசதி இருக்கிறது. மாதக்கணக்கில் பேசிப் பழகிய அழைப்பாளருக்குக் குரல் பழக்கம். பதில் தாமதமாக வருகிறது, கேட்டதையே திரும்பக் கேட்கிறார், நாக்கு குழறுகிறது என்றால் கேள்வித்தாளைக் கீழே வைத்துவிட வேண்டும்.

அப்போது செய்ய வேண்டியது இது. போனை வைக்காமல், சேவையில் இன்னொருவர் வேறு இணைப்பில் வீட்டாரையோ பக்கத்து வீட்டாரையோ கூப்பிட வேண்டும். மீட்டர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் பார்க்கலாம். இல்லையென்றால் தேட அனுப்பாமல், விழுங்க முடிகிறவர் என்றால் உடனே 15 கிராம் சர்க்கரை. அதாவது மூன்று தேக்கரண்டி சர்க்கரை தண்ணீரில், அல்லது 150 மி.லி. பழச்சாறு, அல்லது 4 கிராம் குளுக்கோஸ் மாத்திரை நான்கு. சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். அகார்போஸ், வோக்லிபோஸ் என்ற சுகர் மாத்திரைகள் சாப்பிடுபவர்களுக்குச் சாதாரணச் சர்க்கரை சரியாக வேலை செய்யாது, குளுக்கோஸ்தான் வேண்டும். இந்தக் குறிப்பு அழைப்பாளரின் திரையில் முன்கூட்டியே இருக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி பார்ப்பது, இன்னும் 70க்குக் கீழ் என்றால் மறுபடி 15 கிராம். ஏறியதும் சாப்பாடு. அந்தப் பதினைந்து நிமிடமும் இணைப்பில் இருக்கும் சேவைக்குத்தான் முழு மதிப்பெண். "குடிச்சிட்டு அப்புறம் கூப்பிடுங்க" என்பது கைகழுவல். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து ஆம்புலன்ஸ். சுகர் 130 என்று வந்தும் நாக்கு குழறினால் பக்கவாதமாக இருக்கலாம், அதற்கும் உடனே ஆம்புலன்ஸ்தான்.

பலரும் கோட்டை விடுவது அதற்குப் பின்பு. கிளிபென்கிளமைடு, கிளிமெபிரைடு வகை மாத்திரையால் வந்த லோ, சர்க்கரை குடித்து ஏறியபின்பும் அன்றைக்கே திரும்ப இறங்கலாம், சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அடுத்த நாள்கூட. ஒருமுறை ஏறியதும் பதிவை மூடிவிடும் சேவைக்கு இது தெரியவில்லை என்று அர்த்தம். தெரிந்தவர்கள் அன்றே மருத்துவருக்குச் சொல்வார்கள், மருத்துவமனைக் கண்காணிப்பு வேண்டுமா என்று கேட்பார்கள், சில மணி நேரத்துக்கொருமுறை மீண்டும் கூப்பிடுவார்கள்.

அழைக்கும் நேரம் சின்ன விஷயம்போலத் தெரியும். இல்லை. வேகமாக வேலை செய்யும் இன்சுலினைப் போட்டுக்கொண்டு சாப்பிட உட்காரும் நேரத்தில் போன் வந்தால், மரியாதைக்காக எழுந்து வந்து இருபது நிமிடம் பேசுவார்கள். சாப்பாடு காத்திருக்கும், ஊசி காத்திருக்காது. ஆகவே அழைப்பின் முதல் கேள்வி "ஊசி போட்டாச்சா, சாப்பிட்டாச்சா?" போட்டுவிட்டுச் சாப்பிடவில்லை என்றால் "முதல்ல சாப்பிடுங்க ஐயா, அரை மணி நேரம் கழிச்சு நானே கூப்பிடுறேன்."

வாந்தி, பேதி, காய்ச்சல் நாட்களுக்கென்று தனிக் குறிப்பு ஒவ்வொருவருக்கும் மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும், அது சேவையின் கையில் இருக்க வேண்டும். பொதுவாக, உடம்பில் நீர் வற்றும்போது மெட்ஃபார்மினையும், 'கிளிஃப்ளோசின்' என்று பெயர் முடியும் மாத்திரைகளையும் தற்காலிகமாக நிறுத்தச் சொல்வார்கள். நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலினைச் சாப்பிடவில்லை என்பதற்காக அடியோடு நிறுத்தக் கூடாது. கிளிஃப்ளோசின் வகையில் சுகர் 200கூடத் தாண்டாமல், ரத்தத்தை அமிலமாக்கும் கீட்டோன் ஏறலாம். வாந்தியும் மூச்சு வாங்கலும் இருக்கும்போது "எண் நல்லாத்தானே இருக்கு" என்று ஆறுதல் சொல்வது பெரிய தவறு. எதிர்ப்பக்கம், 300க்கு மேல் தொடர்ந்து நிற்கிறது, ஆள் மந்தமாகிறார் என்றால் அது மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலை. வயதானால் தாகம் தெரிவது குறையும் என்பதால் "தாகம் இருக்கா?" என்று கேட்டு நம்ப வேண்டாம், இன்று எத்தனை டம்ளர் குடித்தார் என்று கேட்க வேண்டும்.

பாதங்களைப் போனில் பார்க்க முடியாது என்று விட்டுவிடுகிறார்கள். வீட்டில் இன்னொருவர் இருந்தால் முடியும். முதியவர் கண்ணை மூடிக்கொள்ள, மற்றவர் இரு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஆள்காட்டி விரலால் ஓரிரு நொடி மெல்லத் தொட வேண்டும், அழுத்தவோ தட்டவோ கூடாது. ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் உணர்வு குறைந்த கால். இப்ஸ்விச் தொடுசோதனை என்று இதற்குப் பெயர். இரண்டு நிமிட வேலை. புண், நிறமாற்றம், ஒரு கால் மட்டும் சூடு, வீக்கம் என்றால் அடுத்த அழைப்புவரை காத்திருக்கக் கூடாது.

இலக்கு பற்றி ஒரு வார்த்தை. எல்லோரையும் எச்பிஏ1சி 7க்குள் கொண்டுவர விரட்டும் சேவையைத் தவிர்க்கலாம். ஆரோக்கியமாக இருக்கும் முதியவருக்கு 7 முதல் 7.5க்குள், பல நோய்களோ மறதியோ உள்ளவருக்கு 8க்குள் என்பதே அமெரிக்க நீரிழிவு சங்கத்தின் வழிகாட்டல். எச்பிஏ1சி 8 என்பது சராசரி சுகர் 183. மிகவும் தளர்ந்தவர்களுக்கு எண்ணைவிட லோ வராமல் இருப்பதே இலக்கு. லோ வரவைக்கும் மருந்து எதுவும் சாப்பிடாதவரிடம் தினம் மூன்று முறை குத்தச் சொன்னால், அந்தச் சேவை ஸ்ட்ரிப்பும் விற்கிறதா என்று பாருங்கள். 

விற்பனை என்றதும் மோசடியும் ஞாபகத்துக்கு வரும். உண்மையான சேவை ஒரே எண்ணிலிருந்து, சொன்ன நாளில், முடிந்தவரை ஒரே ஆள் மூலம் அழைக்கும். ஓடிபி, வங்கி விவரம் கேட்காது. முதியவரே தேர்ந்தெடுத்த ஒரு சொல்லை அழைப்பாளர் முதலில் சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொள்ளும் ஏற்பாடு எங்களுக்குப் பிடித்தது.

பேசும் முறையில் இரண்டு விஷயம் போதும். ஓர் அழைப்பில் ஒன்றிரண்டு மாற்றங்களுக்கு மேல் சொல்லக் கூடாது. சொன்னதை "புரிஞ்சுதா?" என்று கேட்காமல், "இன்னிக்கு ராத்திரி எப்படிப் போடப் போறீங்கன்னு எனக்குச் சொல்லுங்க" என்று திரும்பச் சொல்ல வைக்க வேண்டும். கத்திப் பேசுவதால் காது கேட்டுவிடாது. நிறுத்தி, கீச்சுக் குரல் இல்லாமல் சுருதியைத் தாழ்த்திப் பேசினால்தான் சொற்கள் பிரியும்.

சேரும் முன் சேவையிடம் கேட்க வேண்டியவற்றில் மருத்துவரோடு தொடர்பு எப்படி என்பது ஒன்று: அழைப்பாளர் கண்டதை யாருக்கு, எத்தனை மணி நேரத்துக்குள், எழுத்தில் அனுப்புகிறார்? அழைப்பாளரே இன்சுலினை நான்கு யூனிட் கூட்டச் சொன்னால், அந்த அதிகாரம் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்று, பெரும்பாலான விளம்பரத் தாள்களில் காணக் கிடைக்காதது: குறித்த நேரத்தில் போன் அடித்து யாரும் எடுக்கவில்லை என்றால் என்ன செய்வார்கள்? "மூன்று முறை முயன்றுவிட்டு அடுத்த வாரத்துக்கு மாற்றிவிடுவோம்" என்றால் வேறு சேவை தேடுங்கள். தனியாக இருக்கும், இன்சுலின் போடும் முதியவர் என்றால் பதினைந்து நிமிடத்தில் மறு அழைப்பு, அதுவும் எடுக்கவில்லை என்றால் இரண்டாவது தொடர்பு எண், அதன்பின் சாவி வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர். இந்த மூன்று எண்களையும் சேர்க்கும் நாளிலேயே கேட்டு வாங்கி, ஒவ்வொன்றுக்கும் ஒருமுறை அடித்துப் பார்த்துவிடுகிறார்களா என்று கவனியுங்கள்.